நூலக அலமாரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு

ஓர் ஆய்விதழின் பெயரைச் சொன்னதும் ஆய்வு மாணவர்கள் முதலில் கேட்பது, "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்றுதான். ஆனால் அந்த எண் ஆய்வாளர்களை எடைபோடப் பிறந்ததல்ல.

அதன் மூதாதை சட்டத்துறையில் இருக்கிறது. ஒரு தீர்ப்பைப் பிற்காலத்துத் தீர்ப்புகளில் எவையெவை எடுத்தாண்டன என்பதை அமெரிக்காவின் ஃபிராங்க் ஷெப்பர்டு 1873 முதல் ஒட்டுத்தாள்களில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தீர்ப்புத் தொகுப்புகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அறிவியலுக்கும் இந்த முறை பொருந்தும் என்று யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் அவரது நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தயாரித்தபோது, எந்த இதழ்களைச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. மொத்த மேற்கோள்களை மட்டும் பார்த்தால், குறைவாக வெளியிடும் நல்ல இதழ்கள் விடுபட்டுப்போகும். அதற்குக் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் கண்ட வழிதான் இந்த எண்: முந்தைய 2 ஆண்டுகளின் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது.

1970களின் நடுவிலிருந்து இந்த எண் ஆண்டுதோறும் அச்சாகி, எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்களுக்கு வழிகாட்டியது. பிறகு மெல்ல மெல்ல வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என எல்லா இடத்திலும் புகுந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், இந்த எண் ஏற ஏறக் கட்டுரைக்கான மதிப்பெண்ணையும் ஏற்றின.

ஆனால் இந்த எண் வெறும் சராசரிதான். சராசரியை நம்பினால் என்ன ஆகும்? 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா' ஏ பிரிவின் எண் 2008இல் 2.051; அடுத்த ஆண்டு 49.926! படிகவியல் மென்பொருள் ஒன்றைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியதே காரணம். அந்த இதழின் மற்றக் கட்டுரைகள் ஓராண்டில் இருபது மடங்கு உயர்ந்துவிடவில்லை.

இதழின் எண்ணை வைத்துத் தனிமனிதரை மதிப்பிடாதீர்கள் என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடி அறிக்கை தயாரித்தார்கள். மறுபுறம், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற பெயரில் பொய் எண்களைப் போட்டுக்கொள்கின்றன.

ஆகவே, கட்டுரையை அனுப்புமுன் அந்த இதழின் நான்கைந்து கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சில நாளில் வெளியிடுகிறோம் என்று உறுதி சொன்னால் விலகிவிடுங்கள். உங்கள் துறைக்காரர்கள் உண்மையில் படிக்கும் இதழ் எது என்று மூத்த ஆய்வாளரிடம் கேளுங்கள். எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்.