உடல் மாறிய சதுரங்கப் பொறிகள்

ஓலை சிதையுமுன் படியெடுத்தோரால் பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன. சதுரங்கக் கணிப்பொறிகளின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிடெலிட்டி நிறுவனம் ‘செஸ் சேலஞ்சர்’ என்னும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர், செருமனியின் மியூனிக் நகரில் உருவான ‘மெபிஸ்டோ’ பொறிகள் பெரும்புகழ் எய்தின. 1985இல் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற நுண்கணிப்பொறிச் சதுரங்க உலகப் போட்டியில் மெபிஸ்டோவே வாகை சூடியது. ஆண்டுகள் செல்ல, அப்பொறிகள் பழுதுற்றன.

எனினும் அவற்றின் ஆட்டம் மறையவில்லை. நினைவகச் சில்லில் பதிந்திருந்த நிரலை ஆர்வலர் படியெடுத்தனர். பழைய செயலியின் கட்டளைகளை அவ்வாறே நிறைவேற்றும் மென்பொருளையும் இயற்றினர். ‘மேம்’ என்னும் அத்தகைய மென்பொருளின் துணையால், அப்பொறிகள் இன்றைய கணினியினுள் தம் பழைய ஆட்டத்தையே ஆடுகின்றன.

1997இல் உலக வெற்றிவீரர் காஸ்பரோவை 3.5–2.5 என வென்ற ‘டீப் புளூ’வின் நிலையோ வேறு. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆய்ந்த அதன் ஆற்றல், 480 தனிச் சில்லுகளின் மின்சுற்றிலேயே அமைந்திருந்தது. நிரலைப் படியெடுப்பதுபோல் மின்சுற்றைப் படியெடுத்தல் எளிதன்று. அப்போட்டிக்குப்பின் அது களம் காணவில்லை. அதன் பகுதிகள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் அமைதியாய் நிற்கின்றன.

வென்ற பொறி காட்சிப்பொருளாயிற்று. படியெடுக்கப்பட்ட பொறியே இன்றும் ஆடுகின்றது. அறிவைக் காப்பது வெற்றியன்று, படியெடுக்கும் கைகளே.