சிங்கையில் தனிக்கலைஞரின் படச்சுருட் களஞ்சியம்

ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியோர், நூல் முடிந்தவிடத்தில் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைக் குறித்துத் தம் பெயரையும் ஊரையும் பொறித்து வைப்பது பழைய வழக்கம். நூற்பொருளில் ஒரு சொல்லும் அக்குறிப்பினாற் கூடுவதில்லை. ஆயினும், சுவடியின் காலத்தையும் அது வந்த வழியையும் ஆராய்வார்க்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. இதனை ஈண்டு எடுத்துக்கூறியது சுவடிகளைப் பற்றிப் பேசுதற்கன்று. படநிலையத்தின் துணையும் வணிகரின் பொருளும் இன்றித் தனியொரு கலைஞர் தம் கைப்பொருளைச் செலவிட்டு எடுத்த சோதனைப் படங்கள், குறும்படங்கள், இசைத்துணுக்குகள் ஆகியவை எவ்வாறு காக்கப்பட்டன என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

படநிலையங்கள் எடுத்த பெரும்படங்களே காக்கப்படாது போயின என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பி. எஸ். ராஜ்ஹான்ஸ் 1934இல் சிங்கப்பூரில் இயக்கிய 'லைலா மஜ்னுன்' என்னும் மலாய்ப்படம் இன்று இல்லை. பி. என். ராவ் 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'பொந்தியானாக்' திரையரங்குகளில் பெருங்கூட்டத்தைத் திரட்டிய படம், அதுவும் இல்லை. அதன் சுருள்களை உரிமையாளரே பழைய சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. தமிழ்நாட்டு நிலையும் இதனின் வேறன்று. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும்படம் எனப் பாடநூல்களில் எழுதுகிறோம். அதன் ஒரு படியேனும் கிடைத்திலது. உரிமையாளரும் கணக்கரும் கிடங்கும் இருந்த படங்களின் கதி இதுவாயின், வீட்டு அலமாரியில் இருந்த தனியார் சுருள்களின் கதி யாதாகும்?

அவ்வாறிருந்தும் பிழைத்த ஒன்றுக்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. இராசேந்திர கௌர் என்பவர் இந்தியாவிற் பிறந்து, 1960களில் சிங்கப்பூருக்கு வந்து, தொலைக்காட்சி நிலையத்திற் பணியாற்றியவர். அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் தமக்கென்று படம் எடுத்தார். 'கண்கள்' என்று பொருள்படும் பெயருடைய குறும்படம் 1967இலும், சிங்கப்பூரைப் பாடுபொருளாகக் கொண்ட 'சன்ஷைன் சிங்கப்பூர்' 1972இலும் வெளிவந்தன. இல்லத்தரசி ஒருத்தியின் அன்றாட உழைப்பைக் காட்டும் படம் 1978ஆம் ஆண்டினது. பிள்ளையைப் பற்றிய மற்றொன்று அடுத்த ஆண்டினது. கூர்ந்து நோக்கின், இவை கதைப்படங்கள் அல்ல என்பது புலப்படும். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்து அமர்வார்க்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அடுக்களை, துணி, பிள்ளை என்று ஒரு நாள் கழிவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் படமாகுமா என்று கேட்பாரும் உளர். ஆகும் என்பதே எம் கருத்து. 1970களின் சிங்கப்பூரில் ஒரு வீட்டுப்பெண் எவ்வாறு நின்றாள், குனிந்தாள், சுமந்தாள் என்பதை எந்த அரசாங்க அறிக்கையும் நமக்குக் காட்டப்போவதில்லை.

அப்படங்கள் இன்று ஆசியத் திரைப்படக் காப்பகத்தில் உள்ளன. அக்காப்பகம் 2005இல் தனியார் முயற்சியாகத் தொடங்கப்பெற்று, 2014இல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் வந்தது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப்படங்களில் எஞ்சியவையும் ஆண்டே சேர்ந்தன. அத்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பெருநிலையத்தின் படங்களும் தனியொருவரின் குறும்படங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது கருதத்தக்கது.

நிற்க. கூரை மட்டும் போதுமா எனின், போதாது. படச்சுருளின் அடித்தளமாகிய அசெட்டேட் என்னும் பொருள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தவிடத்துச் சிதைந்து புளிக்காடியை வெளியிடும். பெட்டியைத் திறந்தவுடன் காடி நாற்றம் வீசுவது இதனாலேயே. அவ்வாவி அருகிலுள்ள சுருள்களையும் பற்றிக் கெடுக்கும். அழுகிய மாம்பழம் கூடையைக் கெடுப்பது போல எனலாம். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தாற் சிதைவின் வேகம் குறையும், அடியோடு நிற்காது. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் வீட்டு அலமாரியைவிடத் தீய இடம் படச்சுருளுக்கு இல்லை.

ஒளிநாடாவின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அதில் காந்தத்துகளைப் பிடித்து நிறுத்தும் பசை ஈரத்தை உண்டு இளகும். நாடா கெடாமல் இருப்பினும், அதனை ஓட்டும் பொறி கிடைக்க வேண்டுமே! வீட்டு ஒளிநாடாப் பொறியைக் கடைசிவரை செய்துவந்த சப்பானிய நிறுவனமாகிய புனாய், 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. படச்சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவமாவது தெரியும். ஒளிநாடாவைப் பிடித்துப் பார்த்தால் கறுப்பு நாடாவே தெரியும். பொறி போனால் நாடா ஊமையாகும். இக்காலத்து எண்மக் கோப்புகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏடு நைந்தபோது படியெடுத்த பழந்தொழிலே இது.

ஒளிநாடா பரவிய பின்னர்த் தனிக்கலைஞர் தொகை பெருகிற்று. குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவில் நிறுவிய 'சப்ஸ்டேஷன்' என்னும் கலையகம் குறும்படங்களுக்கு இடம் தந்தது. சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவும் குறும்படங்களுக்குப் பரிசு அளித்தது. தமிழ் மரபினராகிய கே. இராசகோபால் 1995 முதல் 1997 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அவ்விழாவின் நடுவர் சிறப்புப் பரிசைப் பெற்றார். அவருடைய முழுநீளப்படமாகிய 'எல்லோ பேர்ட்' 2016இல் கான் விழாவின் விமரிசகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இதே காலத்தின் தொடக்கத்தில், 1992இல், ஈசூனில் பத்து அரங்குகளுடன் ஒரு கொட்டகை திறக்கப்பெற்றது. பத்து அரங்கு இருந்தென்ன? குறும்படத்துக்குச் சீட்டு விற்றுப் பிழைக்க முடியாது. அக்கொட்டகை 2010இல் புதுப்பிக்கப்பட்டது. சப்ஸ்டேஷன் 2021இல் ஆர்மீனியன் தெருவை விட்டு நீங்கிற்று. இடங்கள் இவ்வாறு மாறும்போது அங்குக் காட்டப்பட்டவற்றின் நினைவு யாரிடத்தில் தங்கும்?

பெரும்பாலும் கலைஞரிடத்திலேயே தங்கும் என்பது வரலாறு காட்டும் உண்மை. கோ நுவாங் ஹவ் என்னும் சிங்கப்பூர்க் கலைஞர் 1980களிலிருந்து கண்காட்சி அழைப்பிதழ், செய்தித்தாள் நறுக்கு, நிழற்படம் ஆகியவற்றைத் தாமே தொகுத்துவந்தார். 2011ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் இருவாண்டுக் கலைவிழாவில் அத்தொகுப்பே காட்சிப்பொருளாயிற்று. தமிழகத்தில் இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். 'ரோஜா ஆர்ட்ஸ்' என்னும் கடை நடத்தியவர். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக அறிவிப்புகளும், 1992இல் அவர் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியாற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. இவர் சேர்த்தவற்றுட் பலவற்றைக் கற்றறிந்தோர் குப்பை என ஒதுக்கியிருப்பர். எது குப்பை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவது நம் மரபில் ஏற்கெனவே பெருந்தீங்கு விளைத்த செயல். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டிராவிடின், சீவக சிந்தாமணி 1887இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியிருக்குமோ?

இனித் தமிழ்ப் பகுதிக்கு வருவோம். சிங்கப்பூரின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2015இல் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவாக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் மின்காப்பகங்கள் எழுந்தன. தொண்டர்கள் பலர் உழைத்த இப்பணி பாராட்டுக்குரியது. ஆனால், தமிழ் இளைஞர் தாமே பாடித் தாமே படம்பிடித்த இசைத்துணுக்குகளும் சோதனைப் படங்களும் எந்தப் பிரிவிலும் அடங்காமல் நழுவுவன. நாடகமும் அல்ல, கச்சேரியும் அல்ல என்பதே காரணம்.

காப்பகம் என்பது குளிரறை மட்டுமன்று, பதிவேடும் ஆகும். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் விடுபட்டவன், நாள் முழுதும் மரம் வெட்டியிருந்தாலும் கணக்கில் ஏறான்; தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கு இது நன்கு தெரியும். படத்துணுக்கும் அவ்வாறே. யார் எடுத்தார், எங்கே, எந்நாளில், எவ்வகைச் சுருளில், எவர் நடித்தார் என்னும் குறிப்பு இல்லாத சுருள், காப்பகத்தின் உள்ளே இருந்தும் தொலைந்ததே. பிற்காலத்தில் ஊகித்து எழுதும் குறிப்பு எடுத்தவரே எழுதும் குறிப்புக்கு ஈடாகாது. ஆதலின், கலைஞர் உயிரோடிருக்கும்போதே அவர் அருகில் அமர்ந்து ஒவ்வொரு துணுக்கையும் ஓட்டிக்காட்டி எழுதிக்கொள்ளுதல் முறை. இசைத்துணுக்குகளில் பாடகர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் எப்படியோ கிடைத்துவிடும். விடுபடுவது பாட்டெழுதியவர் பெயர். தமிழாசிரியர் முதலிற் கேட்டு எழுத வேண்டியது அப்பெயரையே.