கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள்

நொய்யல் ஆற்றங்கரை ஊரான கோயம்புத்தூரில் 1888-இல் தொடங்கி, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்நகரின் வேலை, குடியிருப்பு, கடைவீதி, அரசியல் எல்லாவற்றையும் வடிவமைத்த நூற்பாலைத் தொழிலின் வரலாறு. துறைமுகமோ நிலக்கரியோ இல்லாத உள்நாட்டு ஊர் இது. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று அடிக்கடி சொல்லப்பட்டாலும் அந்தப் பட்டம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. மான்செஸ்டரில் நீராவி எந்திரம் மக்களை ஊருக்குள் குவித்தது. கோவையில் மின்கம்பி ஆலையைக் கிராமத்துப் பக்கம் கொண்டுபோனது.

பருத்தியும் முதல் ஆலைகளும்

கொங்கு நாட்டுக் கரிசலில் பருத்தி பழைய வெள்ளாமை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைப் பகுதியான லங்காஷயருக்குப் பஞ்சு போவது தடைபட்டபோது இங்கே விலை ஏறியது. 1862-இல் சென்னை–பேப்பூர் ரயில்பாதை கோவையை அடுத்த போத்தனூர் வழியாக நிறைவடைந்தது. அரவை ஆலைகள் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பொதியாக்கி வெளியூருக்கு அனுப்பின. நூற்பது வேறெங்கோ நடந்தது.

காப்பித் தொழிலில் இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் ஊரின் முதல் பஞ்சாலை; மக்கள் வாயில் அது ‘ஸ்டேன்ஸ் மில்’. அடுத்த ஆலைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காளீஸ்வரா மில் உருவானது. பாப்பநாயக்கன்பாளையத்தில் பருத்தி அரவை நடத்திவந்த ஜி. குப்புசாமி நாயுடு 1910-இல் லட்சுமி மில்லை நிறுவினார். அதே காலத்தில் வந்த கம்போடியப் பருத்தி நீண்ட இழை கொண்டது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது. ஆழக் கிணறு வெட்டக் கையில் காசு இருந்த விவசாயிதான் அதைப் பயிரிட முடிந்தது. பின்னாளில் ஆலை முதலாளிகள் பலர் இந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள்.

பைக்காரா மின்சாரம்

திருப்புமுனை 1930களில் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது, நிலத்தில் போட்டுவந்த பணத்துக்கு வேறு வழி தேடினார்கள் நாயுடு, கவுண்டர், செட்டியார் குடும்பத்தார். அதே நேரத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் நிறைவேறி, சிங்காரா மின்நிலையத்திலிருந்து 1932-33 வாக்கில் கோவைக்கு மின்சாரம் இறங்கியது. கொதிகலனும் நிலக்கரி வண்டியும் இல்லாமல் ஆலை ஓட்டலாம் என்றானது. பத்தாண்டுக்குள் ஆலைகள் இரு மடங்குக்கும் மேல் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று விளைநிலங்களுக்கு நடுவே அவை எழுந்தன. முதலாளிகளின் சங்கமான தென்னிந்திய மில்கள் சங்கம் 1933-இல் தொடங்கியதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

காற்றும் கைகொடுத்தது. வறண்ட காற்றில் பஞ்சிழை அறுந்துகொண்டே இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று அந்தத் தொல்லையைக் குறைத்தது.

ஆலைக்குள்

பொதி பிரிக்கும் புளோரூம், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவு இரண்டிலும் தூசி மூச்சை அடைக்கும். நாள்பட்ட நுரையீரல் நோய் அங்கே வேலை பார்த்தவர்களையே அதிகம் பிடித்தது. ரிங் ஃபிரேமில் நிற்பவர் ‘சைடர்’. எந்திரத்தின் இரு பக்கமும் நாள் முழுதும் நடந்து, அறுந்த இழையைக் கண்ட மாத்திரத்தில், ஓடும் கதிரை ஒரு கையால் நிறுத்தி மறு கையால் இழை கூட்ட வேண்டும். கதிரில் நூல் நிறைந்ததும் ‘டாஃபர்’ பையன்கள் நிறைந்த பாபினைக் கழற்றி வெற்றுப் பாபினை மாட்டுவார்கள். ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் நெடுங்காலம் மேஸ்திரியின் கையில் இருந்தன. அவருக்கு வேண்டியவர், அவர் ஊர்க்காரர், அவர் சாதிக்காரர் என்பதே தகுதி.

நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவு பெண்களுடையது. அந்தச் சிட்டங்கள் சேலம், ஈரோட்டுக் கைத்தறிகளுக்குப் போயின. ஆலை கைத்தறியை ஒழித்தது என்ற பொதுக்கருத்து இங்கே பாதிதான் உண்மை. நூற்பாலை கைத்தறிக்கே நூல் கொடுத்துப் பிழைத்தது. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற சட்டமும் 1934-இன் சென்னை மகப்பேறு நலச் சட்டமும் அவர்கள் நன்மைக்கே வந்தன. ஆனால் பெண்ணை வைத்தால் செலவு என்று கணக்குப் போட்ட நிர்வாகங்கள் மெல்ல ஆண்களைச் சேர்த்தன. சிட்டத்துக்குப் பதில் கூம்பில் சுற்றிய கோன் நூல் வந்தபோது ரீலிங் பிரிவும் சுருங்கியது.

சங்கும் நேரமும்

உழவன் பொழுதைப் பார்த்து வேலை செய்தான். ஆலைக்காரன் சங்கைக் கேட்டான். ஆலைச் சங்கு ஆலையில் வேலை இல்லாதவர் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தைச் சொன்னது. தொழிற்சாலைச் சட்டங்கள் 1922-இல் வாரத்துக்கு 60 மணி என்றும், 1934-இல் 54 என்றும், 1946-இல் 48 என்றும் வேலை நேரத்தைக் குறைத்தன. எந்திரம் ஓயாமல் ஓட மூன்று ஷிப்ட் வந்தது. பகல், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும் வாரங்களுக்கு ஏற்பக் குடும்பத்தின் சாப்பாடும் உறக்கமும் மாறின. இருந்தும் பலர் முழு நகரவாசிகளாகவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்தும் பின்னர் சைக்கிளிலும் வந்துபோனார்கள். வீட்டில் எருமையோ ஆடோ இருந்தது, விதைப்புக் காலத்தில் ஆலைக்கு லீவு போட்டார்கள்.

ஊரோடு வந்து தங்கியவர்களுக்கு லைன் வீடுகள் எழுந்தன: ஓர் அறை, ஒரு சமையல் மூலை, வரிசைக்கே பொதுவான குழாய். நெரிசலும் குடிநீரும் இங்கே பழைய கவலை; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் பலமுறை தாக்கிய ஊர் இது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் இருக்கின்றன. ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் தந்த நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் முன்னின்று உழைத்த சிறுவாணிக் குடிநீர் 1930-ஐ ஒட்டி நகருக்கு வந்தது. ஆலைத் தொழிலாளரின் தீபாவளி போனஸ் கடைவீதியின் ஆண்டு வியாபாரத்தையே முடிவு செய்தது. நகரமும் விரிந்தது; ஆலைகள் சூழ்ந்த சிங்காநல்லூர் 1981-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது.

சங்கங்கள்

1930களின் பிற்பகுதியில் தொழிற்சங்கத் தலைவர் என்.ஜி. ராமசாமி தொழிலாளரைத் திரட்டினார். 1943-இல் இளம் வயதிலேயே இறந்தார். ரங்கவிலாஸ் மில் தகராறைத் தொடர்ந்த கொலை வழக்கில் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர் மீது போலீசார் சுட்டதில் 11 பேர் இறந்தனர். விடுதலைக்குப் பின் வந்த ஊதிய உயர்வும் நிரந்தர வேலையும் இந்த விலைக்குப் பிறகு கிடைத்தவை. மில் வேலை என்றால் பெண் கொடுக்கலாம் என்ற மதிப்பு அதற்கப்புறம்தான் ஏற்பட்டது.

மோட்டாரும் கிரைண்டரும்

ஆலை எந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகள் தனித் தொழிலாயின. 1937-இல் கோவைத் தொழில்முனைவோரான பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். கிணற்றில் கவலை இறைத்த மாடுகளின் இடத்தை மோட்டார் பம்பு பிடித்தது. 1962-இல் நிறுவப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு எந்திரங்களையே தயாரித்தது. ஆனால் இந்தத் தொழிலாக்கம் தமிழ் வீட்டை நேரடியாகத் தொட்டது 1955-இல் கோவைக்காரரான சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரால்தான் என்று சொல்லலாம். அதுவரை இட்லிக்கு மாவு என்றால் ஒரு பெண் ஆட்டுக்கல் முன் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அதனால் பல வீடுகளில் இட்லி விசேஷ நாள் பலகாரமாகவே இருந்தது. ஆட்டுக்கல்லை மோட்டார் சுற்றத் தொடங்கியதும் அது அன்றாடக் காலை உணவாயிற்று.

சரிவு

பழைய எந்திரம், பஞ்சு விலை ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் நலிந்த ஆலைகள் பலவற்றை 1974-இல் அரசு நாட்டுடைமையாக்கித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. 1990களில் தனியார் நூற்பாலைகள் நிரந்தரத் தொழிலாளியைக் குறைத்து, தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி அமர்த்தின. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற இனிய பெயருக்குப் பின்னால் வெளியே போக முடியாத வாழ்க்கையும் நடுவில் நின்றால் தொகை இல்லை என்ற நிபந்தனையும் இருந்தன. ஒரு காலத்தில் ரீலிங்கிலிருந்து பெண்களை வெளியேற்றிய ஆலைகளுக்குள் பெண்கள் மறுபடி வந்தது இப்படித்தான். பிறகு ஒடிசா, பீகார் தொழிலாளர் வந்தனர். தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு விலகிய பின்னும் முன்போல ஓடவில்லை, தொழிலாளர் சம்பளப் பாக்கிக்காகப் போராட வேண்டியதாயிற்று.