நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பைக்ல வீட்டுக்குப் போறீங்களா? ஒரகடம் சாலை இரவில் எப்படி ஏமாற்றுகிறது?

இரவு 10 மணி. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பல ஆலைகளில் இரண்டாவது ஷிஃப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வெளியே வரும். பஸ் போகாத ஊர்க்காரர்கள், ஓவர்டைம் பார்த்து பஸ்ஸை விட்டவர்கள், பஸ் வசதியே இல்லாத கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் எல்லாம் பைக்கில் கிளம்புவார்கள். ஒரு அரை மணி நேரம் சாலை திருவிழா மாதிரி இருக்கும். அப்புறம் திடீரென்று காலி.

அந்தக் காலியான சாலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரூட்டைச் சொல்லிவிடுவோம். சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வருவது மாநில நெடுஞ்சாலை 57. வண்டலூரில் இருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போவது மாநில நெடுஞ்சாலை 48. ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுக்கொண்டு போகும் சென்னை – பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை 48. ஆமாம், இரண்டு 48. குழப்பிக்க வேண்டாம்.

ராயல் என்ஃபீல்டுக்கு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை இருக்கிறது. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆய்வு மையம்கூட ஒரகடத்தில்தான். நாடு முழுக்க ஓடும் பைக்குகள் பிறக்கிற ஊர் இது. அந்த பைக்கை அசெம்பிள் செய்தவரும் அதே மாதிரி ஒரு பைக்கில்தான் வீட்டுக்குப் போகிறார்.

நைட் ரைடு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மே மாசம் பகலில் 40 டிகிரி வெயிலில் இதே சாலையில் போய்ப் பாருங்கள், ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும். இரவில் ஏரிப் பக்கம் திரும்பினாலே முகத்தில் ஈரக்காற்று அடிக்கும். டிராஃபிக் இல்லை, ஹாரன் இல்லை. பகலில் கேட்காத எஞ்சின் சத்தம் அப்போதுதான் காதில் விழும். கியர் மாற்றவே வேண்டாம், வண்டி தானாக உருளும். எட்டு மணி நேரம் லைனில் நின்றவருக்கு, சூப்பர்வைசர் இல்லாமல், போன் இல்லாமல் கிடைக்கிற முதல் அரை மணி நேரம் அதுதான்.

இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் நைட் டெஸ்க் முடித்து பைக்கில் வீடு திரும்புகிற ஆள்தான். அந்த சுகம் தெரியும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

80-ல் போனாலும் 60 மாதிரி தெரிவது ஏன்?

நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை ஸ்பீடோமீட்டரை விட, பக்கவாட்டில் ஓடும் மரம், கடை, கம்பத்தை வைத்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது. இருட்டில் அதெல்லாம் மறைந்துவிடும். முன்னால் ஒரு வெளிச்ச வட்டம், சுற்றிலும் கறுப்பு. சாலையும் அகலம். அதனால் 80-ல் போனாலும் நிதானமாகப் போகிற மாதிரியே இருக்கும். 'ஸ்மூத்தா போகுது' என்று மனசு சொல்கிற அந்த நிமிஷம்தான், மூளை வேகத்தைக் குறைத்துக் கணக்கிடுகிற நிமிஷம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று புரிந்து, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போயாச்சு. நல்ல டயர், காய்ந்த ரோடு, பதற்றமில்லாத பிரேக் என்றால் நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48 மீட்டர். அதே 80-ல் என்றால் கிட்டத்தட்ட 75 மீட்டர்.

சாதாரண பைக் ஹெட்லைட் லோ பீமில் எவ்வளவு தூரம் காட்டும்? வண்டிக்கு வண்டி மாறும். தெளிவாகத் தெரிவது தோராயமாக 40, 50 மீட்டர். அதாவது 60-லேயே விளிம்பில்தான் ஓட்டுகிறோம். 80-ல் போகும்போது, கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிறுத்தவே முடியாத இடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். 'நான் நல்லா ஓட்டுவேன்' என்பதற்கு இங்கே வேலையே இல்லை. எவ்வளவு நல்ல ரைடராக இருந்தாலும் வெளிச்சம் போகாத இடத்தில் இருப்பதைப் பார்க்க முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். நேரவாரியாகப் பார்த்தால் மாலை 6 முதல் 9 வரைதான் விபத்து அதிகம். 'அப்போ நள்ளிரவு பரவாயில்லையே' என்று தோன்றும். அந்த நேரத்தில் ரோட்டில் ஓடுகிற வண்டிகளும் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது.

நிற்கிற லாரிதான் நிஜ வில்லன்

இந்தப் பகுதியில் இரவில் ஓட்டுகிறவர்களிடம் எது பயம் என்று கேட்டால், வேகமாக வரும் லாரியை விட நிற்கிற லாரியைத்தான் சொல்வார்கள். ஏன் இவ்வளவு டிரெய்லர்கள் சாலை ஓரம் நிற்கின்றன?

காரணம், கார் ஆலைகள் வேலை செய்கிற முறையில் இருக்கிறது. உதிரிபாகங்களை மாதக்கணக்கில் குடோனில் அடுக்கி வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக வந்து இறங்க வேண்டும். 'ஜஸ்ட் இன் டைம்' என்பார்கள். சீக்கிரம் வந்த லாரியை உள்ளே விட மாட்டார்கள். லேட்டாக வந்தால் லைன் நிற்கும், அபராதம் வரும். அதனால் டிரைவர் முன்னாடியே வந்து வெளியே காத்திருப்பார். பார்க்கிங் யார்டில் இடமில்லையென்றால்? இடது ஓரம்தான். ஆலைக்குள் இருக்க வேண்டிய குடோன் ரோட்டுக்கு வந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவரும் இரண்டு நாள் ஓட்டிவந்து கேபினில் தூங்குகிற மனுஷன்தான்.

இதில் மிக மோசம், கண்டெய்னர் இறக்கிவிட்ட காலி டிரெய்லர். கண்டெய்னர் இருந்தாலாவது பெரிய சுவர் மாதிரி தெரியும். காலி டிரெய்லரின் பின்பக்கம் என்பது இருட்டில் ஒரு இரும்புப் பட்டை, அவ்வளவுதான். அதன் மட்டம் பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் மார்புக்கோ கழுத்துக்கோ நேராக இருக்கும். பின்பக்கத் தடுப்புக் கம்பியும், ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் பட்டையும் கட்டாயம் என்று விதிகள் சொல்கின்றன. சேறும் தூசியும் படிந்த பட்டை எதையும் திருப்பி அடிக்காது. மற்றவர்களுக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவின்படி குற்றம். ஆனால் நள்ளிரவில் அந்தச் சட்டம் உங்களுக்கு முன்னால் வந்து நின்று டார்ச் அடிக்காது.

எனவே தெருவிளக்கு இல்லாத இடத்தில் இடது ஓரத்தை ஒட்டியே போகிற பழக்கத்தை விடுங்கள். பைக்காரன் ஓரமாகத்தான் போக வேண்டும் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இடது லேனுக்கு நடுவில், பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவது இங்கே பாதுகாப்பு.

இன்னொரு விஷயம்: விளக்கு எரிகிற ஜங்ஷனைத் தாண்டி இருட்டுக்குள் நுழையும்போது கண் உடனே பழகாது. முழுசாகப் பழக 20, 30 நிமிஷம்கூட ஆகும். ஒரகடம் மேம்பாலத்துப் பக்க வெளிச்சத்தில் இருந்து இறங்கியவுடன் ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல், கொஞ்ச நேரம் மெதுவாகப் போங்கள்.

எதிர் வெளிச்சம், நாய், ராங் சைடு

எதிரே ஹை பீம் அடித்தால் டிம் அடித்துப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் அந்த லைட்டைப் பார்க்காமல் உங்கள் பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் குருட்டு ஆட்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். யு-டர்ன் ரொம்ப தூரம் என்று ராங் சைடில் வருகிறவர்கள் இங்கே சகஜம், ஒற்றை லைட் உங்கள் லேனிலேயே எதிரே வந்தால் அதுதான். நாயும் மாடும் சொல்லவே வேண்டாம். மழை இல்லாத இரவுகளில் தார் ரோட்டின் சூட்டுக்காகவே மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் ஏரியோரம் பனி இறங்கும். அதில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம்தான் சரி.

காலை 6 மணி ரைடு, அதைவிட மோசமா?

விடிந்துவிட்டதே, இனி என்ன பயம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மூன்றாவது ஷிஃப்ட் முடித்து 6 மணிக்குக் கிளம்புகிறவர் நேற்று மதியம் 12 மணிக்கு எழுந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 18 மணி நேரமாக விழித்திருக்கிறார். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைவதாகக் காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்! ஒரு சொட்டு குடிக்காமலேயே அந்த எல்லையைத் தாண்டிய நிலை.

ஷிஃப்ட் மாறுகிற வாரத்தின் முதல் இரவு இன்னும் மோசம். வழக்கம்போல காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் தூக்கம் வராமல் அப்படியே வேலைக்குப் போயிருப்பார். மறுநாள் வீடு திரும்பும்போது 23 மணி நேரம் ஆகியிருக்கும்.

கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று நொடி அணைந்து எரியும். 60-ல் மூன்று நொடி என்றால் 50 மீட்டர் யாரும் ஓட்டாத பைக். 'கடைசி ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தேன்னே தெரியல' என்று எப்போதாவது தோன்றினால், அதுதான் அது. படப்பை, வண்டலூர் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு: சாலை கிழக்கே போகிறது, உதயமாகிற சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்.

சத்தமாகப் பாட்டு, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். உருப்படியான வழி, கிளம்பும் முன்பே 15, 20 நிமிஷம் கண் மூடுவது. டீயோ காபியோ குடித்துவிட்டுப் படுங்கள். அது வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

ஹெட்லைட் கோணம் பார்த்து எத்தனை நாளாச்சு? சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி, நீங்கள் வண்டியில் உட்கார்ந்தபடி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஹெட்லைட் உயரத்தை விடக் கொஞ்சம் கீழே விழ வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பீம் மேலே தூக்கும், அதையும் பாருங்கள். கீறல் விழுந்த வைசர் பகலில் தெரியாது, இரவில் எதிர் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் சிதறும். மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. கறுப்பு வைசர் இரவில் கூடவே கூடாது. ஐஎஸ்ஐ ஹெல்மெட்டைப் போட்டு ஸ்ட்ராப்பை மாட்டாமல் போனால், விழும்போது முதலில் கழன்று ஓடுவது ஹெல்மெட்தான். கறுப்பு ஜெர்கின் போடுகிறவர்கள் முதுகில் ஒரு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

வழியில் விபத்து நடந்தால், அது வேலையில் நடந்த விபத்தா?

இது பலருக்குத் தெரியாத விஷயம். 2003 ஏப்ரல் 22. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, அதிகாலை 3 மணி ஷிஃப்ட்டுக்காக பைக்கில் போகிறார். ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் நடந்த விபத்தில் இறந்துவிடுகிறார். குடும்பத்துக்கு இழப்பீடு உத்தரவாகிறது. ஆலைக்கு வெளியே நடந்தது என்று சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வேலைக்குப் போகிற வழியில், அந்த நேரத்தோடும் பாதையோடும் வேலைக்குத் தொடர்பு இருந்தால், அது வேலையின்போது நடந்த விபத்தாகவே கருதப்படும் என்றது. 22 வருஷம் ஆனது.

இஎஸ்ஐ சட்டத்தில் 2010-லேயே இதற்குத் திருத்தம் வந்துவிட்டது. வீட்டில் இருந்து ஆலைக்கும், ஆலையில் இருந்து வீட்டுக்கும் போகும் வழி இரண்டுக்கும் பொருந்தும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளராக இருந்தாலும் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் கேட்கலாம். ஆனால் நேரம், இடம், பாதை மூன்றையும் காட்ட வேண்டும். பஞ்ச் செய்த நேரம், 108 ஆம்புலன்ஸ் வந்த பதிவு, போலீஸில் கொடுத்த புகார், கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்த தகவல் எல்லாம் பின்னால் தேவைப்படும். வாய்வழியாக ஹெச்ஆரிடம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்? 2022 ஏப்ரல் முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. சிகிச்சைக்கு, இந்தக் கட்டுரையின் மூன்றாவது 48: 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் காசு கட்ட வேண்டாம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. பக்கத்து லைனில் நிற்கிற ஒடிசாக்காரருக்கும் பீகார்காரருக்கும் இதைச் சொல்லுங்கள், பல பேருக்குத் தெரியாது.

அடிபட்டவரைத் தூக்கிப் போனால் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமோ என்று பயந்து விலகிப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, உதவி செய்தவர் மீது அதற்காக வழக்கு பாயாது என்கிறது. பெயர் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. 108-க்கு போன் போட்டு, உங்கள் பைக்கை பின்னால் நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். அடுத்து வருகிற பைக்குக்கும் அங்கே எதுவும் தெரியாது.