முத்துக்குளித்துறையில் கோயில் பாட்டு

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் கடலைப் பார்த்திருக்கும் பெரியதாழை, முத்துக்குளித்துறையின் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. கோயிலில் கூடும் மக்கள் எதைப் பாட வேண்டும் என்ற கேள்வி இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. பாட்டுப் புத்தகமோ பாடகர் குழுவோ இல்லாத 16ஆம் நூற்றாண்டிலேயே அது இங்கே எழுந்துவிட்டது.

1535 முதல் 1537 வரை இந்தக் கடற்கரை மீனவர்களான பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் மறையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் ஊரே கூடி உரக்கச் சேர்ந்து சொன்னது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார்.

அவருடைய தேர்வு முறை எளிது: எழுத்தறியாதவரும் மனப்பாடமாகச் சொல்ல முடிய வேண்டும், சொல்வது மறையின் மையமாக இருக்க வேண்டும். சொற்களிலும் அவர் அசட்டையாக இருக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் தவறு ஒன்றைக் கண்டதும், தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். சவேரியார் இல்லாத நாள்களில் செபம் சொல்லித்தர ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகள் நியமிக்கப்பட்டார்கள். உபதேசியார் என்ற பொறுப்புக்கு இதுவே முன்னோடி.

அடுத்த தலைமுறையில் அண்டிரிக் அடிகளார் இந்தச் செபங்களை அச்சுக்குக் கொண்டுபோனார். 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சான பழைய நூல்களில் முதன்மையானது. ஆயினும் பூசை இலத்தீனிலேயே நடந்தது. மக்களின் தமிழ்க் குரல் பூசைக்கு வெளியே இடம் தேடிக்கொண்டது: மன்றாட்டு மாலை, சப்பர பவனி, தவக்காலப் புலம்பல், அண்ணாவியார் பழக்கிய வாசகப்பா நாடகம், கடலில் வலை இழுக்கும்போது பாடும் அம்பா. 1903இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஆணை, ஆடம்பரத் திருவழிபாட்டில் தாய்மொழிப் பாடல் கூடாது என்று இந்தப் பிரிவினையை இன்னும் இறுக்கியது. மக்கள் நெஞ்சுருகிப் பாடியவை பீடத்துக்கு அருகில் வர முடியாமல் போனது பெரும் இழப்பு.

கத்தோலிக்கப் பூசை இலத்தீனில் நடந்த அந்த நூற்றாண்டுகளில், பெரியதாழையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் தேரிக்காட்டைத் தாண்டிய சீர்திருத்தச் சபை ஊர்களில் சிக்கல் வேறாக இருந்தது. முதலூர், மெஞ்ஞானபுரம், நாசரேத் போன்ற ஊர்களில் ஆராதனை தொடக்கத்திலிருந்தே தமிழில்தான். ஆனால் எந்த மெட்டில் பாடுவது? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த பாப்ரிசியுசும் ஜெர்மன் பாடல்களை அந்த மெட்டிலேயே தமிழாக்கினார்கள். பொருள் ஆழமானது, ஆனால் மெட்டின் அளவுக்காகக் குறிலை நீட்டவும் நெடிலைக் குறுக்கவும் வேண்டியிருந்ததால் காதுக்கு அந்நியமாக ஒலித்தது. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பை எடுத்துக்கொண்டார். சரணத்தை ஒருவர் பாடினாலும் பல்லவியைச் சபை முழுவதும் பிடித்துக்கொள்ளலாம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்த கீர்த்தனை நூல் இவற்றைச் சபைகளுக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. இன்றும் தென்னிந்தியத் திருச்சபையில் மேல்நாட்டு மெட்டுப் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டும் பாடப்படுகின்றன. போட்டி முடியவில்லை, இரண்டும் அருகருகே இருக்கப் பழகிவிட்டன.

கத்தோலிக்கக் கடற்கரையில் கதவு திறந்தது 1963 டிசம்பர் 4 அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்களின் பங்கேற்பை முதலிடத்தில் வைத்தது. பாடல் வரிகள் மறைக் கோட்பாட்டுக்கு இசைந்து, பெரும்பாலும் விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் வர வேண்டும் என்றது. இதைத் தொடர்ந்து பூசை தமிழுக்கு வந்ததும் நூற்றுக்கணக்கான புதுப் பாடல்கள் தேவைப்பட்டன. திண்டிவனத்தில் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இயங்கியது. 1977இல் திருச்சியில் கலைக்காவிரி தொடங்கப்பட்டது. ஒலிநாடாக்கள் கடலோரக் கோயில்கள் வரை பாடல்களைக் கொண்டுவந்தன.

ஒலிநாடா நன்மையும் செய்தது, கெடுதலும் செய்தது. நல்ல குரலும் பல கருவிகளும் சேர்ந்து பதிவுக்கூடத்தில் உருவாகும் பாட்டு, கீபோர்டு ஒன்றோடு நிற்கும் ஊர்க் குழுவுக்கு எட்டாது. மக்களுக்கோ சுருதியே எட்டாது. கேட்க இனிக்கும் பாட்டு வேறு, சபை பாடும் பாட்டு வேறு. வருகைப் பாடல் கூடியவர்களை ஒன்றாக்க வேண்டும். காணிக்கைப் பாடல் பவனி முடியும்வரை நீண்டால் போதும். நற்கருணைப் பாடலுக்கு வரிசையில் நடந்தபடி புத்தகம் பார்க்காமல் பாடக்கூடிய பல்லவி வேண்டும். தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை. பதிலுரைத் திருப்பாடலுக்குப் பதிலாக வேறு பாடலைப் பாடக் கூடாது என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொது விதி. ஆனாலும், முதல் வாசகம் முடிந்ததும் தியானப் பாடல் என்ற பெயரில் ஏதோ ஒன்றைப் பாடும் பழக்கம் பல பங்குகளில் தொடர்கிறது.

பதிலுரை பெரும்பாலும் ஒரே வரி. ஒருவர் பாட, ஊர் திரும்பச் சொல்லும் இந்த முறை சவேரியார் காலத்திலிருந்தே முத்துக்குளித்துறைக்குப் பழக்கமானது. பாட்டு தேர்கிறவர்கள் வாரம் ஒரு புது மெட்டைத் தேடுவதை விட்டு, ஒரே மெட்டைச் சில மாதங்களுக்கு வைத்துக்கொண்டால் பின்வரிசையில் நிற்பவர்களும் பாடுவார்கள்.