கேட்டு வாசித்தோர்: சப்ரகமுவத் தோட்டங்களிற் கூட்டு வாசிப்பு

ஈழத்திலே தமிழர் வாசிப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களையும் கொழும்புப் பத்திரிகைகளையுமே நோக்கினர். மலையகத்தை ஆராய்ந்தோரும் அட்டன், தலவாக்கலை, கண்டி, பதுளை என்னும் வட்டத்துக்குள்ளேயே நின்றனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ இவ்விரு எழுத்துகளிலும் ஓரமாகவே நிற்கின்றது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்ரகமுவவில் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த தோட்டங்கள் இவை, இறப்பரே மிகுந்தவை. அரசியற் செல்வாக்குக் குன்றிய இடத்தில் வரலாற்றெழுத்தும் மெலிந்துவிடுவதை நாம் வேறிடங்களிலும் கண்டிருக்கின்றோம்.

வாசகர் வட்டம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு சிற்றூர்க் காட்சி: உறுப்பினர் பலர் ஒரு நூலைத் தனித்தனியே படித்து, மாதம் ஒருமுறை கூடி, அதுபற்றி உரையாடுவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இத்தோட்டங்களில் அத்தகைய வட்டத்தைத் தேடுவது வீண். அங்கே படித்துவிட்டுக் கூடவில்லை, கூடிப் படித்தனர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். கேட்டோரை வாசகராகக் கொள்வதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. கொள்ளாதுவிடின், ஒரு சமுதாயத்தை முழுமையாகவே நூலறியாதோர் என ஒதுக்கிவிட நேரும். எழுத்தறிவு வீதங்களை மட்டும் கைக்கொண்டு பேசுவோர் அதைத்தான் செய்து வந்துள்ளனர்.

தோட்டத் தொழிலாளி எழுத்தை முதலிற் சந்தித்தது நூலில் அன்று, கடனில். ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு அவன் பட்ட கடனைக் கூறிற்று. அச்சீட்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லல் அரிதாயிருந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, அவன் பெயர் எழுதப்பட்ட தாள்கள் யாவும், செக்ரோல் உட்பட, பிறர் அவனைப் பற்றி வாசிப்பதற்கே இருந்தன. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. விளைந்தது பெரும்பாலும் ஓரறைப் பள்ளியும் ஓர் ஆசிரியரும். பத்து வயதிற் பிள்ளை மலைக்குப் போய்விடும். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான்.

ஆதலின் ஒரு லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பின் அதுவே பெரிது. கங்காணி, கணக்கப்பிள்ளை, கோயிற் பண்டாரம், பள்ளி வாத்தியார் என்போரே பொதுவாக அத்தகுதியுடையோர். அவர்கள் கையிற் கிடந்தவை சென்னையில் அச்சாகிக் கடல்கடந்து வந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள்: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை. மலிந்த தாளில் அமைந்த அப்பதிப்புகளைப் புலமையுலகம் எள்ளி நகையாடியதுண்டு. ஆயின் குப்பி விளக்கின் மங்கல் ஒளியில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவருக்குப் பருத்த அச்சைவிட உகந்தது வேறென்ன? அவை கண்ணுக்கென மட்டும் ஆக்கப்பட்டவையல்ல. இராகமிட்டுப் படிப்பதற்கென்றே பாவிலும் நடையிலும் அமைந்தவை.

யாழ்ப்பாணத்துப் புராணபடனத்தோடு இதனை ஒப்புநோக்கலாம். அங்கே கோயிலிலே ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். கேட்போர் வாய் திறவார். தோட்டத்திலே படிப்பவரும் பயன் சொல்பவரும் ஒருவரே. மேலும், காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளை ஆடியும் கண்டும் வளர்ந்த மக்கள் அவர்கள். அருச்சுனன் கதை அவர்களுக்குப் புதிதன்று. ஆதலின் அவர்கள் கேட்டது கதை அறிவதற்காக என்பதைவிட, தாம் அறிந்த கதையோடு நூலை ஒத்துப் பார்ப்பதற்காக என்பதே பொருந்தும். நூலைத் திருத்தும் உரிமையுடைய கேட்போர் என அவர்களைக் கூறல் மிகையாகாது.

இக்கூட்டத்தை அளவுக்கு மீறி அழகுபடுத்திக் காண்பதும் தவறு. வாசிப்பு நிகழ்ந்த இடம் பெரிய கங்காணியின் வீட்டு முற்றமாயின், வாசிப்பும் அவருடைய அதிகாரத்தின் ஒரு கூறாகவே இருந்தது. லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் யார் எவ்வளவு அருகில் அமரலாம் என்பதை விளக்கொளி தீர்மானிக்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, மலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்பை மூட்டிய பெண்ணுக்கு, காம்பிராவின் உள்ளிருந்து காதிற் பட்ட அளவே பங்கு. நல்லதங்காளின் துயரத்தை அவளைவிட நன்கறிந்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகின்றது. அது வேறு கட்டுரைக்குரியது.

இறப்பர்த் தோட்டத்தின் தொழிலொழுங்கு இவ்வாசிப்புக்கு ஒரு தனித் தன்மையை அளித்திருத்தல் வேண்டும். தேயிலை மலையில் மழையிலும் கொழுந்து பறிப்பர். இறப்பரிலோ பால்வெட்டு விடியலிலே தொடங்கும்; மரப்பட்டை நனைந்திருப்பின் அன்று வெட்டு இல்லை. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் இரத்தினபுரியும் ஒன்று. மழைநாள் என்பது வேலையில்லா நாள். பெரும்பாலும் கூலியில்லா நாளுங்கூட. கதை நீண்ட நாளும் உலை சிறுத்த நாளும் ஒன்றாயிருந்தன எனக் கருத இடமுண்டு.

இவ்வொழுங்கைக் குலைத்தது பத்திரிகை. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளைக் கொழும்பிலிருந்து நடத்தினார். தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைந்தோர்மீது அத்துமீறற் குற்றம் சாட்டலாம். புடவை வியாபாரியாக வேடமிட்டு அவர் தோட்டங்களுக்குட் சென்றார் என்பது மலையகத்தில் இன்றும் வழங்கும் செய்தி. மனிதன் புக முடியாத இடத்திற் பத்திரிகை மடிக்குள் மறைந்து புகுந்தது. ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் தோன்றிய பின்னர் இது நாளாந்தச் செய்தியாயிற்று. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கை வரை அந்நாளில் ஓடிய சிறு இரயிலும், யட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய ஊர்களின் கடைவீதிகளும், தபாற்பையைச் சுமந்து மலையேறிய தப்பால்காரனும் அதற்கு வழியாயினர்.

கதைநூலுக்கும் செய்தித்தாளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கதையின் முடிவு யாவர்க்கும் தெரியும். செய்தியின் முடிவு எவர்க்கும் தெரியாது. கதையை இராகமிட்டுப் படிக்கலாம்; 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எந்த இராகத்திற் படிப்பது? கேட்போர் கேள்வி கேட்கத் தொடங்கிய இடம் இதுவே. கங்காணியின் முற்றத்திற் கங்காணியைப் பற்றிய செய்தியை வாசித்தல் இயலாதாகையால், வாசிப்பு மெல்ல மெல்ல லயத்தின் இஸ்தோப்புக்கும், நகரத்துத் தேநீர்க் கடைக்கும், பின்னர் தொழிற்சங்கக் கிளைக்கும் இடம்பெயர்ந்தது. வாசகர் வட்டத்தின் மாதாந்த ஒழுங்கும் இவ்வழியே வந்தது எனலாம். மாதச் சம்பளம் வழங்கப்படும் நாள், சந்தா செலுத்தும் நாள், நகரத்துக்கு இறங்கும் நாள் என்பன ஒன்றையொன்று அடுத்து நின்றன.

எழுதியவர்களும் இதனை உணர்ந்திருந்தனர். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூலை வெளியிட்டார். கூட்டங்களில் அவரே பாடவுஞ் செய்தார். அச்சிட்ட நூல் பாட்டாக ஒலித்துப் பல காதுகளை அடையும். படிக்கத் தெரிந்த ஒருவன் அதனை வாங்கினாற் போதும். விற்ற படிகளின் தொகையைக் கொண்டு அந்நூலின் வாசகரை எவ்வாறு கணக்கிடுவது?

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டத்திற் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல்கள் வழங்கப்பட்டன. அதனை எதிர்த்தெழுந்த வேலைநிறுத்தம் பிற தோட்டங்களுக்கும் பரவிற்று. சீட்டு மீண்டும் பகையாய் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் இன்னொரு வகைத் தாள் வந்தது: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமைக்கான விண்ணப்பம். வதிவிடத்துக்குச் சான்று, பிறப்புக்குச் சான்று, விவாகத்துக்குச் சான்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உரிமை கிட்டியது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. முன்னர்க் கதை படித்தவரிடமே இப்போது படிவத்தை நிரப்பும் பணியும் வந்து சேர்ந்திருக்கும். அல்லியின் மாலையைப் பிழையாகப் படித்தால் கேட்போர் திருத்துவர். படிவத்திற் பிழைத்தால் ஒரு குடும்பம் நாடிழக்கும்.

அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் நூல்கள் பெருகின. திராவிட இயக்க ஏடுகள் இளைஞரிடையே பரவின. இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் தடைசெய்யப்பட்டது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி வெளியிட்ட மலிவுப் பதிப்பு நாவல்கள் அவ்விடத்தைப் பெருமளவு நிரப்பின. அப்போது பள்ளி சென்ற தலைமுறை ஒன்றும் உருவாகியிருந்தது. பிறர் வாசிக்கக் கேட்கும் தேவை அவர்களுக்கு இல்லை, தனித்து வாசித்தனர். இவ்வளர்ச்சியை நாம் வரவேற்க வேண்டும். ஆயினும், தனித்து வாசிக்கும் வாசகர் மீண்டும் கூடிப் பேசும் நிலை, அதாவது நாம் இன்று வாசகர் வட்டம் என்று அழைக்கும் நிலை, இத்தோட்டங்களில் வேரூன்றக் காலம் இடங்கொடுக்கவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1977இல் வன்செயல் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கிற்று. 1981 யூன் முதலாந் திகதி தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை உலகறியும். அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் தீக்கிரையாயின. அக்காம்பிராக்களின் தகரப் பெட்டிகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. 1983இல் மீண்டும் தீ. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பலர் சென்றனர். பலர் இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர்.

கப்பலேறியவருள் பால்வெட்டுத் தெரிந்தோர் தமிழ்நாட்டிலேயே தங்கினர் என்றும் இல்லை. கேரளத்துப் புனலூரிலும், கருநாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் தாயகம் திரும்பியோருக்கென இறப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தொழில் அதுவே, சூழ இருந்த மொழி மலையாளமும் கன்னடமும். சப்ரகமுவவின் வாசிப்பு வரலாற்றைத் தேடும் மாணவர் கேகாலையோடும் பலாங்கொடையோடும் நின்றுவிடாது வவுனியாவுக்கும், புனலூருக்கும், சுள்ளியாவுக்கும் செல்லல் வேண்டும். அங்குள்ள முதியோரிடம் என்ன படித்தீர்கள் என்று வினவினால் ஒன்றுமில்லை என்பர். யார் படிக்கக் கேட்டீர்கள் என்று வினவுதல் வேண்டும்.