ஆபரேஷனுக்கு முன் குழந்தை பயப்படுதா? பெற்றோர் சொல்ல வேண்டியதும்.. சொல்லக் கூடாததும்!

"சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்" - வீட்டில் விளையாட்டாகச் சொல்லும் இந்த மிரட்டல், குழந்தைக்கு நிஜமாகவே ஆபரேஷன் தேவைப்படும்போது பெரிய சிக்கலாகிவிடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கும் சிங்காரப்பேட்டை போன்ற ஊர்களில் இது கூடுதல் சிரமம். டான்சில், குடலிறக்கம் போன்ற அறுவை சிகிச்சைகளுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி அல்லது பெங்களூருவுக்குப் போக வேண்டியிருக்கும். தெரியாத ஊர், மாஸ்க் போட்ட முகங்கள், சில நேரம் புரியாத மொழி என எல்லாமே குழந்தைக்குப் புதுசு.

பயந்தால் என்ன ஆகும்?

அழுகையோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல இது. அமெரிக்காவில் டான்சில் ஆபரேஷன் செய்துகொண்ட 5 முதல் 12 வயது வரையிலான 241 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. முன்பே அதிகம் பதறிய குழந்தைகளுக்கு, பிறகு வலியும் தூக்கப் பிரச்னையும் அதிகம் இருந்ததாக அது கூறுகிறது.

பொய் சொல்லலாமா?

கூடாது. "சும்மா செக்கப்புக்குத்தான் போறோம்" என்று கூட்டிப்போனால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. "ஊசி வலிக்காது" என்பதற்குப் பதில், "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், உடனே சரியாயிடும், அம்மா பக்கத்துலயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். கடைசி வரை கூடவே இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், எதுவரை அனுமதிப்பார்கள் என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது சொல்வது?

* 2, 3 வயதுக் குழந்தை: ஓரிரு நாள் முன்பு போதும்.
* 4 முதல் 6 வயது: சில நாள் முன்பு. பொம்மைக்கு மாஸ்க் மாட்டி விளையாடிக் காட்டலாம்.
* 7 வயதுக்கு மேல்: ஒரு வாரம் முன்பே. கேள்வி கேட்க விடுங்கள்.

"மயக்க மருந்து கொடுத்தா நல்லா தூக்கம் வரும், நடக்குறது தெரியாது, முடிஞ்சதும் எழுப்பிடுவாங்க" என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். நடுவில் முழிப்பு வந்துவிடுமோ என்ற பயம் பல குழந்தைகளுக்கு இருக்கும்.

அம்மா உள்ளே வந்தால் போதுமா?

பெற்றோர் பக்கத்தில் இருப்பது மட்டுமே பதற்றத்தைக் குறைத்துவிடுவதில்லை என்கிறது 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. பிடித்த வீடியோ, கோமாளி வேடமிட்டவர்கள் காட்டும் வேடிக்கை போன்றவை பலன் தரக்கூடும் என்கிறது அதே தொகுப்பு. செல்போனில் பிடித்த கார்ட்டூனை முன்பே டவுன்லோட் செய்து வைப்பது நல்லது. பதற்றம் ரொம்ப அதிகமானால், மயக்கவியல் மருத்துவர் மிடசோலம் போன்ற மருந்தை முன்கூட்டியே கொடுப்பதுண்டு. அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்!

பசியில் அழுகிறதே என்று பாட்டி ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட் உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டு. பொதுவாக உணவும் பசும்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்தப்படும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போகும்போது குழந்தையோடு போய், வார்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை பார்த்த இடம் என்றால் அடுத்த முறை பயம் பாதியாகும்.